தென்னைக்கடியில் நின்ற கார்

பொள்ளாச்சியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தெய்வானைக்குச் சோதனை தென்னை மரத்திலிருந்து வந்தது. நிறுத்தியிருந்த கார்மேல் ஒரு குலையே விழுந்து, கூரை நசுங்கி, கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். பாலிசியை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனாள்.

மேனேஜர் கோதண்டபாணி அதைத் தொடக்கூட இல்லை. "பாலிசி விபத்துக்குத்தாம்மா. எதிர்பாராம நடந்தாத்தான் விபத்து. தென்னைன்னா தேங்காய் விழும்னு குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சே நிறுத்தினா பணம் கிடையாது!" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

தெய்வானை தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"வெளிய தென்னைக்கடியில நிக்கிற வெள்ளைக் காரு உங்களதுங்களா சார்?"

மேனேஜர் துள்ளி எழுந்தார். "ஐயையோ! தேங்காய் விழுந்துடுச்சா?"

"இன்னும் இல்லீங்க சார். விழுந்தா அது விபத்துங்களா, இல்லீங்களா? அதைத்தான் கேக்கலாம்னு பார்த்தேன்."

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோதண்டபாணி முகம் சிவக்க உட்கார்ந்து, பணம் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தெய்வானை நிமிர்ந்து நடந்தாள். வாசலை எட்டுவதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, எங்க பாலிசிக்கும் அர்த்தம் சொல்லிட்டுப் போங்கக்கா!"

"கொண்டாங்க" என்று அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.