வஞ்சித்துறை அரண்மனையில் ஒரு கோழிக்குழம்பு வழக்கு

அநியாயம் நடந்தது யூதப் பெண் சிப்போராவுக்கு. வஞ்சித்துறை அரண்மனைக்கு வரும் யூத வணிகர்களுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சமைத்துப் போட்டவள் அவள். பாக்தாதிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய யூத முத்து வியாபாரி எசக்கியேல், ஒரே வேளை சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "இது யூதச் சமையலே இல்லை" என்று மன்னரிடம் சொல்லிவிட்டார். அந்த அடுக்களையைத் தன் சமையல்காரனுக்கு வாங்கிக் கொடுப்பது அவர் திட்டம். எசக்கியேல் வாழ்நாளில் கரண்டியைத் தொட்டதில்லை. அதனால்தான் அத்தனை உறுதியாகப் பேச முடிந்தது.

மன்னர் விசாரணை வைத்தார். அவர் இறைச்சியை மோந்துகூடப் பார்க்காதவர். கோழிக்குழம்புக்குத் தீர்ப்புச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இரண்டு இலை விரித்தார்கள். ஒன்றில் எசக்கியேலின் ஆள் சமைத்த, வயிற்றில் அரிசி அடைத்த கோழி; பட்டை மணந்தது. இன்னொன்றில் சிப்போராவின் குழம்பு. மிளகும் கறிவேப்பிலையும் தேங்காயும் மணந்தன.

"பாருங்கள் மகாராஜா," என்றார் எசக்கியேல். "எங்கள் முன்னோர் தேங்காயைக் கண்ணால் கண்டிருப்பார்களா? ஏமன் யூதர்கள் வெந்தயத்தை நுரைக்க அடித்துச் சாப்பிடுகிறார்கள். போலந்து யூதர்கள் மீனில் சர்க்கரை போடுகிறார்கள். இந்த அம்மா தேங்காய் அரைக்கிறார். ஆளாளுக்கு ஒன்று. அசல் எங்களுடையதுதான்."

"உங்கள் ஊரில் யூதரல்லாத மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்களாம்?" என்று கேட்டாள் சிப்போரா.

"அரிசி, கோழி, பட்டை. வேறென்ன?"

"அப்போ உங்கள் இலையிலும் பக்கத்து வீட்டுச் சாப்பாடுதானே இருக்கிறது?"

மன்னர் சிரித்தார். "இரண்டு பேரும் அடுத்த வீட்டைப் பார்த்துத்தான் சமைக்கிறீர்கள். அப்புறம் இதில் யூதர்களுடையது எது? காட்டு, சிப்போரா. முடியாவிட்டால் அடுக்களைச் சாவியை அவரிடம் கொடுத்துவிடு."

புகார் சொன்னவர் வியாபாரி. நிரூபிக்க வேண்டியவள் சமையல்காரி. என்ன நியாயமோ! சிப்போரா மனசுக்குள் பல்லைக் கடித்தாள். முகத்தில் காட்டவில்லை.

"காட்டுகிறேன் மகாராஜா. முதலில் நாங்கள் இருவரும் சாப்பிட உட்காருகிறோம். ஆனால் இந்த அரண்மனையில் நெய் விடாமல் பந்தி தொடங்கியதாக எனக்கு நினைவில்லையே."

மன்னருக்குக் கூச்சமாகிவிட்டது. நெய்க் கிண்ணத்தை வரவழைத்துத் தாமே பரிமாற எழுந்தார். மன்னர் கையால் நெய் என்றதும் எசக்கியேலுக்குத் தலைகால் புரியவில்லை. இலையை முன்னால் நகர்த்தினார். கோழியின் மேல் நெய் வழிந்தது. ஒரு பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்து சிப்போராவின் இலை. அவள் இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டாள்.

"நான் விடும் நெய்யையா வேண்டாம் என்கிறாய்?" மன்னரின் குரல் மாறியது. "அவரே வாங்கிக்கொண்டாரே."

"கேட்டதைத்தான் காட்டுகிறேன் மகாராஜா. நெய் பாலில் பிறந்தது. இறைச்சியோடு அது சேரக்கூடாது என்பது எங்கள் மதக் கட்டளை. பாக்தாதிலும் சேராது, ஏமனிலும் சேராது, போலந்திலும் சேராது. இலையில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊருக்குச் சொந்தம். இலையில் விழாமல் உங்கள் கிண்ணத்திலேயே நிற்கிறதே நெய், அதுதான் எங்களுக்குச் சொந்தம்."

எசக்கியேல் மெல்லுவதை நிறுத்தினார். கன்னம் உப்பியது உப்பியபடியே இருந்தது.

மன்னர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "சாவி உன்னிடமே இருக்கட்டும். ஆனால் இவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?"

"இன்னும் தெரியவில்லை மகாராஜா," என்றாள் சிப்போரா. "துப்பினால் எங்கள் ஆள். விழுங்கினால் உங்கள் ஆள்."