மொட்டைச் சங்கிலிமுத்துவின் முடி

மொட்டைச் சங்கிலிமுத்துவைத் தெரியாத ரசிகன் மதுரையிலேயே கிடையாது. நடிகர் வீரமாறனின் ஒவ்வொரு படத்துக்கும் வேண்டிக்கொண்டு மொட்டை போடுகிறவர். முதல் காட்சி டிக்கெட்டெல்லாம் அவர் கையில்தான்.

தியேட்டர் வாசலில் ரசிகர் கூட்டத்தின் நடுவே நின்றவரிடம் பரோட்டா மாஸ்டர் காசிராஜன் போய் ஒரு டிக்கெட் கேட்டான்.

“என்னைவிடப் பெரிய ரசிகன்னு இங்கேயே நிரூபி, தர்றேன்” என்று சங்கிலிமுத்து மண்டையைத் தடவினார்.

“எதுக்குண்ணே மொட்டை?”

“தலைவர் படம் ஓடணும்னுதான்!”

“அப்போ ஓடாதோன்னு உங்களுக்கு ஒரு பயம். எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லைண்ணே” என்று காசிராஜன் சுருட்டை முடியைக் கோதிக்கொண்டான்.

“அதானே!” என்று கூட்டம் சங்கிலிமுத்துவை முறைத்தது. டிக்கெட் கைமாறியது.

அடுத்த படத்துக்குத் தோள்வரை முடியோடு வந்தார் சங்கிலிமுத்து. கட்அவுட்டுக்கு ஊற்றப் பால்குடத்தைத் தூக்கக் குனிந்தார். முடி மொத்தமும் கழன்று குடத்துக்குள் விழுந்தது. அடியில் புது மொட்டை பளபளத்தது.