நெருஞ்சி முள்ளு தேடின ராசா

முன்ன ஒரு காலத்துல, செவந்த மணல் தேரி ஓரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க வடிவுன்னு ஒருத்தி. அவ புருஷன் சுயம்பு, பனையேறி. அவனுக்கு நீரடைப்பு. ஒண்ணுக்குப் போறதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும். சிரிக்காதல, வந்தவனுக்குத்தான் தெரியும். வடிவு தெனமும் தேரியில நெருஞ்சி முள்ளு பறிச்சி, இடிச்சி, கஷாயம் வச்சிக் குடுப்பா. குடிச்சாத்தான் நீரு இறங்கும்.

ஒருநா வேட்டைக்கு வந்த ராசா காலுல நெருஞ்சி முள்ளு குத்திட்டு. ஒரே ஒரு முள்ளுதான். அதுக்குப் போயி, தேரி முழுக்க நெருஞ்சியைப் பிடுங்கித் தீயில போடுன்னுட்டான். வடிவு ஓடிப்போயி, ஒரு பாத்தியாவது விடுங்கன்னு கெஞ்சினா. முள்ளுக்கு வக்காலத்தான்னு வெரட்டிட்டான்.

செடி போச்சு. நெருஞ்சிக்கு முள்ளுதான காயி, பழைய முள்ளு மணலுக்குள்ள கெடக்கும்லா? வடிவு செருப்பைக் கழட்டிட்டு நடந்தா, குத்தின எடத்துல குனிஞ்சா, எடுத்து மடியில போட்டுக்கிட்டா. ஒரு கைப்பிடி சேர ஒரு பகலாச்சு. சாயங்காலம் சுயம்பு அவ காலை மடியில வச்சி, ஒடிஞ்ச முள்ளை எடுத்துவிட்டுக்கிட்டே அழுதான்.

"காலு ஆறிரும். நீங்க குடிங்க"ன்னா அவ.

அப்புறம் ராசாவுக்கே நீரடைச்சிட்டு. மொத வைத்தியன் இளநி குடுத்தான், இறங்கல. ரெண்டாவது வைத்தியன் வாழைத்தண்டு குடுத்தான், இறங்கல. மூணாவது வைத்தியன் நெருஞ்சிதான் மருந்துன்னான். தேரியை விட்டா நாட்டுல ஏது நெருஞ்சி? அங்கயும் எரிச்சாச்சு. முள்ளுக்குக் கெஞ்சினவ நெனப்பு வர, ராசாவோட பல்லக்கு வடிவு வீட்டுக்கு வந்துது.

கஷாயம் ஒரு குவளைதான் இருந்துச்சு. வடிவு புருஷனைப் பாத்தா.

"பாதி அவருக்கு ஊத்துளா"ன்னான் சுயம்பு. நோவு தெரிஞ்சவன்லா.

வடிவு ஊத்திக் குடுத்துட்டுச் சொன்னா: "ராசாவே, நாளைக்கு வேணும்னா முள்ளு மணல்ல கெடக்கு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். எடுக்கிறதுல பாதி எம் புருஷனுக்கு."

ராசா நடந்தான். மொத நா நடந்தான், ரெண்டாம் நா நடந்தான், மூணாம் நாளும் நடந்தான். ஒவ்வொரு முள்ளு குத்தயிலும் ஆத்தாடின்னு கத்துவான், குனிஞ்சி எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடுவான். பாதியை வடிவுகிட்ட குடுத்துட்டு, மீதியில வச்ச கஷாயத்தைக் குடிப்பான். நாலாம் நா காலையில நீரு தடையில்லாம இறங்கிட்டு. ராசா சின்னப்புள்ள மாதிரி அழுதான்.

அந்த ஐப்பசி மழையில, ராசா காலுக்குத் தப்பின முள்ளெல்லாம் முளைச்சி, தேரி முழுக்க மஞ்சப் பூவு. வடிவு காலும் ஆறிட்டு.

குத்தின முள்ளே மருந்தாச்சு, எங்கதையும் முடிஞ்சாச்சு. காலை நீட்டித் தூங்குங்கல.