மூடிக்கு ஒரு சீட்டு

"டீச்சர், மூடிக்குத் தனியா ஒரு சீட்டு வைக்கணும்" என்றார் இசக்கியப்பன்.

பிளாரன்ஸ் டீச்சர் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயது. கேட்டவருக்கு அறுபது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருஷம்தான் அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, பனையோலை முடையச் சொல்லித் தரச் சொன்னார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் அது ஒரு பழைய உப்புக் கிடங்கு. கைவேலைக்காரர்கள் கூடிக் கழுவி, வெள்ளையடித்து, கண்காட்சிக் கூடமாக்கியிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆள் செய்த பொருள் மேடை ஏறாது. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் கை இருக்க வேண்டும். குருவம்மா வனையும் பானைக்கு ஓலை மூடி முடைந்திருந்தார் இசக்கியப்பன்.

"ஒரு பொருளுக்கு ஒரு சீட்டுதான் அண்ணாச்சி. ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கும்."

"அது தெரியும் டீச்சர். சாயங்காலம் டிப்போவே வேன் புடிச்சு வருதுல்லா. கண்டக்டர் மாசானமும் வாறான். 'பானைய அந்த அம்மா செஞ்சிருக்கு, நீரு பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தீராக்கும்'னு கேப்பான். என்னைக் கேலி பண்ணியே வயிறு வளத்தவன்."

டீச்சர் ஏணியிலிருந்து இறங்கினாள்.

"பானை வரட்டும். அது எங்க முடியுது, மூடி எங்க ஆரம்பிக்குதுன்னு நீங்களே காட்டுங்க. அந்த இடத்துல உங்க சீட்டை வைக்கிறேன்."

இசக்கியப்பனுக்கு முகமெல்லாம் பல்.

பானை ஆட்டோவில் வந்தது. வைக்கோல் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் குருவம்மா. வனைந்தவள் அவள்தான்.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. சூளைச் சூடு இன்னும் இருக்கு!"

வைக்கோலைப் பிரித்தார்கள். நல்ல செம்மண் நிறம். ஒரு பக்கத்தில் மட்டும் புகை ஏறி, மழைமேகம் மாதிரி ஒரு கருப்பு. வாய் பூவாக வெளியே விரிந்திருந்தது. துணியில் அச்சுப் போடுகிறவர்கள், பாசிமணி கோர்க்கிறவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

இசக்கியப்பன் பைக்குள்ளிருந்து மூடியை எடுத்தார். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டு முடைந்த மூடி. உச்சியில் தூக்க ஒரு வளையம். மூச்சை அடக்கிக்கொண்டு பானைமேல் வைத்தார்.

மூடி லொடக்கென்று ஒரு பக்கமாகச் சரிந்தது.

அப்பன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றது பானை.

யாரோ சிரித்துவிட்டார்கள்.

"பானை சுருங்கிருச்சு!" என்று கத்தினார் இசக்கியப்பன்.

"மண்ணுன்னா சுருங்கத்தான் செய்யும். காயும்போது கொஞ்சம், சூளையில கொஞ்சம். நீங்க எப்ப அளந்தீங்க?"

"நீ சக்கரத்துல இருந்து இறக்குன அன்னைக்கே. டேப்பு வச்சு, ஒரு நூல் பிசகாம."

"சுடாத பச்சைப் பானையையா அளந்தீங்க?"

"நீ சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே!"

இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. தப்பு யார் மேல?"

டீச்சர் கேட்டாள்: "வளைவுல எதிர்க்க லாரி வருது அண்ணாச்சி. அது இப்ப எங்க இருக்குன்னு பாத்தா ஸ்டீயரிங்கை ஒடிப்பீங்க?"

"அது எப்படி? எங்க வந்து சேரும்னு பாத்துல்லா..."

இசக்கியப்பன் பானையைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் மூடியை எடுத்தாள். வாளித் தண்ணீரில் அப்படியே முக்கினாள்.

"ஐயையோ டீச்சர்! அஞ்சு மணிக்குக் கதவைத் திறக்கப் போறாங்க!"

"அதனாலதான். ஓலை ஊறணும்."

"மூடியில்லாமலே பானைய வச்சிரலாமே?"

"ஒரு ஆள் வேலையாயிரும். மேடை ஏறாது."

குருவம்மா பானையைப் பார்த்தாள். கண்காட்சிக்கு முந்தின கடைசிச் சூளை அது. வேறு பானை இல்லை. சப்பணமிட்டு உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓலை ஊறியது. உச்சியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பிரித்தார் இசக்கியப்பன். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

டீச்சர் அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப அளவு?"

டீச்சர் குருவம்மாவின் மடியைக் காட்டினாள்.

"அது மேலயே முடையுங்க."

ஆரம்பத்தில் பெரிய கூத்தாகத்தான் இருந்தது. அவர் இந்தப் பக்கம் ஓலையை இழுக்க, அவள் அந்தப் பக்கம் பானையைத் திருப்பினாள்.

"லெஃப்ட்டு, லெஃப்ட்டு! குருவம்மா, அது ரைட்டு!"

"உங்க லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?"

"கொஞ்சம் ரிவர்ஸ் வா. போதும், போதும்! ஹோல்டான்!"

"அண்ணாச்சி, இது பானை. பஸ் இல்ல."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாசி கோர்க்கிறவள் வாயாலேயே விசிலடித்தாள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குருவம்மாவே குரல் கொடுத்தாள்:

"போலாம் ரைட்!"

பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. அவர் ஓலையை மடக்குவதற்கு முன்பே பானை திரும்பியிருந்தது. அது நிற்பதற்கு முன்பே அடுத்த ஓலை தயாராக இருந்தது. மடியில் பானை சுற்றச் சுற்ற, இசக்கியப்பனின் கை நகராமல் ஒரே இடத்தில் இருந்தது.

ஓலை விரிந்த வாயைத் தாண்டி இறங்கிக் கழுத்தில் ஒடுங்கியது. அங்கே வந்ததும் ஒரு தனி அழகு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது.

"அங்கயே முடிங்க அண்ணாச்சி!"

"அங்கதான் முடிக்கேன்!"

கழுத்தைச் சுற்றி இழுத்து, இறுக்கி, முனைகளை உள்ளே செருகினார்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே ஹாரன். ஒரு தெருவுக்கே போதுமான ஹாரன்.

"வந்துட்டானுவ!" துள்ளி எழுந்தார் இசக்கியப்பன். ஓலைத்துணுக்கு அவர் வேட்டியெல்லாம் ஒட்டியிருந்தது.

பானையை மேடையில் வைத்தார்கள். விளக்குப் போட்டார்கள். கதவைத் திறந்தார்கள்.

டிப்போ உள்ளே வந்தது. டிரைவர்கள், கண்டக்டர்கள், டயருக்குக் காற்றடிக்கிறவர், கேன்டீன் மாஸ்டர். எல்லாருக்கும் முன்னால் மாசானம். பானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இன்னொரு சுற்றும் வந்தான்.

"ஏ அப்பா..." என்றான். பிறகு சுதாரித்துக்கொண்டான். "சரி வே. இதுல எது நீரு செஞ்சது?"

டீச்சர் பேனாவோடும் வெறும் சீட்டோடும் வந்து நின்றாள்.

"காட்டுங்க அண்ணாச்சி. சீட்டை எங்க வைக்க?"

இசக்கியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். இந்த நேரத்துக்காகத்தான் அவர் இத்தனை நாள் காத்திருந்தார்.

"இந்தா பாரும்வே!"

வளையத்தில் விரலை மாட்டி மூடியைத் தூக்கினார்.

பானையும் கூடவே எழுந்தது.



குருவம்மாவின் கை, யாரும் சொல்லாமலே, அடியில் வந்து தாங்கியது.