மூன்று லிஃப்ட்டும் ஒரு மார்க்கும்

ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று லிஃப்ட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தாமே பழகிப் பழகித் தேறுகிற புதுரகம். கூப்பிட்ட மாடிக்கு எது முதலில் போகிறதோ, அதற்கு ஒரு மார்க்.

கேட்கணுமா! ஐந்தாம் மாடியில் ஒருவர் பட்டனை அழுத்தினால் மூன்றும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடின. கீழே நின்ற கூட்டத்தை ஏனென்று கேட்க நாதியில்லை.

மார்க் போடும் கம்ப்யூட்டருக்கு அலுத்துவிட்டது. "இனி யார் போனாலும் மூணு பேருக்கும் ஒரே மார்க்" என்று சொல்லிவிட்டது.

அன்று காலை மூன்றும் ஐந்தாம் மாடியில் நின்றபோது கீழிருந்து அழைப்பு வந்தது. பிரசவ வலியில் துடித்த எஸ்தரை வார்டு ஊழியர் காத்தமுத்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் நான்காம் மாடியில்.

"நீ போயேன்" என்றது முதல் லிஃப்ட்.

"ஏன், நீ போனா தேய்ஞ்சா போயிடுவே?" என்றது இரண்டாவது.

"யாராவது போவீங்கன்னுதானே நான் சும்மா நிக்கிறேன்!" என்றது மூன்றாவது.

பாவி மக்கள், ஒன்றும் நகரவில்லை.

"அண்ணே, குழந்தைக்கு மூச்சுத் திணறுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே!" என்று பதறினான் எஸ்தரின் கணவன் மகிமைதாஸ்.

"இதை நம்பினா ஆகாது தம்பி. படியிலேயே தூக்கிடலாம்" என்றார் காத்தமுத்து.

படிக்கட்டிலிருந்து குரல்கள் கேட்டன.

"தலைப்பக்கம் நான் பிடிச்சிட்டேன்."

"கால் என்கிட்ட இருக்குண்ணே."

"திருப்பத்துல நான் நிக்கிறேன்."

"நான் மெதுவா சுத்தி வர்றேன்."

மூன்றாவது லிஃப்ட்டுக்கு ஒரே ஆச்சரியம். "இவங்களுக்கு யாரு மார்க் போடறாங்க?"

"யாரும் போடற மாதிரி தெரியலையே" என்றது இரண்டாவது. "ஆனா கவனிச்சியா? நீ செய், நீ செய்னு யாரும் சொல்லலை. தான் செய்யறதைத்தான் சொல்றாங்க."

இரண்டாம் மாடியில் இருவருக்கும் அதற்கு மேல் தூக்கத் தெம்பில்லை. ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துவிட்டார்கள். மகிமைதாஸ் அழத் தொடங்கினான்.

"நான் இரண்டாம் மாடிக்குப் போறேன்" என்றது மூன்றாவது லிஃப்ட்.

"அங்கே யாரும் பட்டனை அழுத்தலையே!" என்றது முதல் லிஃப்ட்.

"நாமதான் வரலையே, இனி நம்மை நம்பி அழுத்துவாங்களா?"

"அப்ப கீழே நான் போறேன்" என்றது முதல் லிஃப்ட்.

"நான் இங்கேயே இருக்கேன்" என்றது இரண்டாவது.

நான்காம் மாடியில் குழந்தை வீறிட்டபோது, மூன்று லிஃப்ட்டும் மூன்று வெவ்வேறு மாடிகளில் நின்றன.