மருதாணியில் இல்லாத கூடு

“ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே சாமி. காக்காய்க்கு எப்படித் தெரிஞ்சுது?”

கேட்டவள் வடிவு. மன நிம்மதி தேடி மடத்துக்கு வந்து சில மாதங்களாகத் தங்கியிருப்பவள்.

மாசியில் மடத்துக் கிணற்றடிச் செம்பருத்திக்குள் கொண்டைக்குருவி முட்டையிட்டிருந்தது. முட்டைகளைக் காக்கை கொண்டுபோய்விட்டது. பங்குனியில் அதே ஜோடி எலுமிச்சையில் கூடு கட்டியது. இப்போது இரண்டு குஞ்சுகள். காக்கையும் மறுபடி தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்காருகிறது. விடிந்ததிலிருந்து வடிவு கம்பும் கையுமாக நின்றாள்.

சாமி என்று எல்லோரும் கூப்பிடும் மடத்துத் துறவி அவளைவிட வயதில் இளையவள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கூட்டை அடிக்கடி பார்ப்பீங்களாக்கா?”

“மனசு கேக்கலையே. நிமிஷத்துக்கு ஒருதரம் இலையை விலக்கிப் பாத்திருவேன்.”

“கோமுவுக்குப் போனும் அடிக்கடி போடுவீங்களா?”

வடிவின் முகம் வாடியது. கோமு அவள் மகள். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மறுபடி உண்டாகி, மாமியார் வீட்டில் இருக்கிறாள்.

“அதுவும் அப்படித்தான். சாப்பிட்டியா, அத்தை ஏதும் சொன்னாங்களான்னு கேப்பேன். போனை வச்சதும், ‘உங்கம்மாகிட்ட என்ன கோள் சொன்னே’ன்னு அவ மாமியா பிடிச்சுக்கிடுதாம். இனிமே கூப்பிடாதம்மான்னு அழுதா. நான் பாக்கலைன்னா அவளை யாரு சாமி பாப்பா?”

சாமி எழுந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுமூலைக்குப் போனாள். அங்கே ஒரு மருதாணிச் செடி. அதில் கூடு எதுவும் கிடையாது.

கிளையை விலக்கினாள். எட்டிப் பார்த்தாள். சற்று நின்றாள். மறுபடி பார்த்தாள்.

பிறகு வடிவை அடுக்களைக்குள் கூட்டிப்போய் சன்னலோரம் நிறுத்தினாள்.

“குருவியைப் பாக்காதீங்க. காக்காயைப் பாருங்க.”

காக்கை தலையைச் சாய்த்தது. இறங்கியது. நேரே மருதாணிக்குப் போய், சாமி விலக்கிய அதே கிளைக்குள் அலகை விட்டுத் தேடியது.

எலுமிச்சைப் பக்கம் அது திரும்பவே இல்லை.

வடிவு கம்பைச் சுவரில் சாய்த்தாள். செம்பருத்தி இலைகளை விலக்கிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் போனை எடுத்தாள். மகளைக் கூப்பிடவில்லை. மகளின் மாமியாரைக் கூப்பிட்டாள்.

“என்ன, கோமுகிட்ட குடுக்கணுமா?” குரல் விறைப்பாக வந்தது.

“வேண்டாம் மதினி.”

வடிவு போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“உங்க முழங்கால் வலி இப்ப எப்படியிருக்கு?”