குருசுமுனையில் எடுத்த படம்

ஆக்னஸிடம் கடலைப் படம் எடுக்கக் கற்க வந்தவர்களில் தங்கப்பழம்தான் மூத்தவர். ஆசிரியையைவிடவும் மூத்தவர். விருதுநகரில் நெடுங்காலம் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று அவர் கேமராவுக்கு முன்னால் நிற்காத குடும்பம் அந்த ஊரில் குறைவு. மகன் தொழிலை ஏற்றுக்கொண்டதும், இனி மனிதர்களை எடுப்பதில்லை என்று முடிவு செய்து குருசுமுனைக்கு வந்தார்.

"மனுஷங்க ஏன் வேண்டாம்?" என்று முதல் நாள் ஆக்னஸ் கேட்டார்.

"கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, டீச்சர். கடல்கிட்ட அப்படிக் கெஞ்ச வேண்டியதில்ல."

"வாங்க, அண்ணாச்சி" என்று ஆக்னஸ் அவரை மேட்டுக்கு அழைத்துப் போனார்.

குருசுமுனை என்பது கடலுக்குள் நீண்டு கிடக்கும் கரும்பாறை. அதன் நுனியில் கலங்கரை விளக்கம். முனைக்கு எதிரே, சின்னக் குடாவுக்கு இந்தப் பக்கம், உயரமான ஒரு மேடு. அங்கே நின்றால் விளக்கமும் அதன் காலடியில் உடையும் அலைகளும் அவற்றுக்கு அப்பால் திறந்த கடலும் ஒரே பார்வையில் அடங்கும். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் தேடி வரும் இடம் அது. கீழே குடாவின் கரையில் மீனவர் குடியிருப்பு. ஆக்னஸ் பிறந்த ஊரும் அதுதான்.

அந்த ஆடி மாதம் காற்று அடங்கவே இல்லை. ஒரு மாலை இருவரும் மேட்டில் நின்றார்கள். மேற்கே மேகம் கனத்துக் கிடந்தது. அதன் அடியில் வெயில் எந்த நேரமும் கிழித்துக்கொண்டு வரும்போல இருந்தது. தங்கப்பழம் முக்காலியில் நின்ற கேமராவில் நீள லென்ஸைப் பொருத்தி, கலங்கரை விளக்கத்தைப் படச் சட்டத்துக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏன் எடுக்கல?" என்றார் ஆக்னஸ்.

"ஒரு வள்ளம் குறுக்க வருது, டீச்சர். அது போகட்டும்."

வள்ளம் கரை திரும்பிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர். முனையைச் சுற்றி வரும்போது ஒரு அலை அதன் பக்கவாட்டில் ஏறியது. அடுத்த அலை வந்தபோது வள்ளத்தின் அடிப்புறம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

தங்கப்பழம் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். "டீச்சர்..."

ஆக்னஸ் அதற்குள் கரையிலிருந்த மீனவர் ஒருவரை அழைத்துப் போனைக் காதில் வைத்திருந்தார். "சூசை, முனைக்கு மேக்க வள்ளம் கவுந்துட்டு. ரெண்டு பேரு. ஒருத்தன் வள்ளத்தைப் பிடிச்சிருக்கான். மத்தவனை அலை இழுக்குது. சீக்கிரம் எறங்குங்க. நான் மேட்டுல நிக்கேன். என்னைப் பாத்து ஓட்டுங்க."

போனை வைத்துவிட்டு, போட்டிருந்த மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றினார். மீன் கூட்டம் தெரிந்தால் மேட்டில் நின்று துணி வீசி வள்ளங்களுக்கு வழிகாட்டுவது அந்தக் கரையில் வழக்கம். வலப்பக்கம் வீசினால் வலம். இடப்பக்கம் என்றால் இடம். தலைக்கு மேல் என்றால் நேராக.

"அண்ணாச்சி, லென்ஸ்ல அந்த ஆளைப் பிடிங்க. கீழேருந்து பாத்தா அலைதான் தெரியும், தலை தெரியாது. எந்தப் பக்கம்னு நீங்க சொல்லுங்க, நான் காட்டுறேன். கண்ணை மட்டும் எடுக்காதீங்க."

தங்கப்பழம் லென்ஸைத் திருப்பினார். கடல், கடல், நுரை. பிறகு ஒரு நீல மண்ணெண்ணெய் கேன். அதைக் கட்டிக்கொண்டு ஒரு கறுப்புத் தலை.

"பிடிச்சிட்டேன். வள்ளத்துக்கு இடப்பக்கம். தள்ளிப் போறாரு."

கரையிலிருந்து ஒரு வள்ளம் அலையை உடைத்துக்கொண்டு புறப்பட்டது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்திருந்தவனை முதலில் ஏற்றினார்கள். பிறகு மேட்டைப் பார்த்தார்கள்.

"இடது" என்றார் தங்கப்பழம். மஞ்சள் கோட்டு இடப்பக்கம் வீசியது. "இன்னும் இடது. நேரா. நேரா, டீச்சர்."

வள்ளம் மேட்டின் சொல்படி வந்துகொண்டிருந்தது.

அப்போது மேகம் கிழிந்தது.

ஒரே வீச்சில் வெயில் இறங்கி, லென்ஸில் அந்தத் தலைக்குப் பின்னால் தெரிந்த கலங்கரை விளக்கத்தின் மேல் விழுந்தது. சுற்றிலும் கடல் கறுத்துக் கிடக்க, அந்த வெள்ளைத் தூண் மட்டும் எரிந்தது. அதன் முன்னால் ஒரு பேரலை எழுந்து, உச்சியில் பொன் நிறமாகி, உடையாமல் ஒரு கணம் நின்றது. வாழ்நாளில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தது.

விரல் அழுத்தியது.

அழுத்தினால் கேமராவுக்குள் கண்ணாடி எழும்பும், இமைப்பொழுது எல்லாம் இருண்டுபோகும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. அந்த இமைப்பொழுதுதான் இருண்டது. வெளிச்சம் திரும்பியபோது அலை உடைந்திருந்தது. நுரை. வெறும் நுரை.

"எங்க, அண்ணாச்சி?"

அவர் லென்ஸை இடப்பக்கம் தள்ளினார். வலப்பக்கம் இழுத்தார்.

"எங்க?"

"காணோம்."

ஆக்னஸின் கை நின்றது. மஞ்சள் கோட்டு காற்றில் தொங்கியது. கீழே வள்ளமும் வேகம் குறைந்து அலையில் ஏறி இறங்கியது. எந்தப் பக்கம் போவதென்று அதற்கும் தெரியவில்லை.

"ஆளைத் தேடாதீங்க. நீலத்தைத் தேடுங்க" என்றார் ஆக்னஸ். குரல் உயரவில்லை.

தங்கப்பழத்தின் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்தால் பார்வை விலகும் என்று துடைக்கவில்லை. நுரை வடிந்தது. ஒரு பள்ளம். ஒரு மேடு. மறுபடி ஒரு பள்ளம். அதில் நீலம்.

"வலது! டீச்சர், வலது! பாறைப் பக்கம் போயிட்டாரு!"

கோட்டு சுழன்றது. வள்ளம் திரும்பியது. அதன் பிறகு சூரியன் முழுதாக இறங்கும்வரை வெளிச்சம் எத்தனையோ விதமாக மாறியது. தங்கப்பழம் இரண்டு கைகளாலும் முக்காலியையே பிடித்துக்கொண்டிருந்தார். வள்ளத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு அந்த மனிதரைத் தூக்கிய பிறகுதான் கண்ணை எடுத்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்தார்.

ஆக்னஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் தங்கப்பழம் ஆக்னஸின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு படம். பக்கத்து டவுனில் பிரிண்ட் போட்டிருந்தார். இரவு தூங்கியவர் முகமாக இல்லை.

ஆக்னஸ் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எந்த மாணவரின் படத்தையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நான் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம், டீச்சர்."

"ஆமா."

"இதை எடுத்தப்பதான் அவரைத் தொலைச்சேன்."

"தெரியும். கேமரா சத்தம் கேட்டுது."

"நீங்க அப்ப ஒண்ணும் சொல்லலையே?"

"அப்ப ஆள் கிடைக்கணும்."

அவர் தலை குனிந்தார். "இதை வச்சுக்கவா, கிழிச்சிடவா?"

ஆக்னஸ் செருப்பை மாட்டினார். "வாங்க."

கடலில் தத்தளித்தவர் பெயர் கிளாரன்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் வீட்டுக்கு வந்திருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்தார். பாறை கீறிய இரண்டு கைகளிலும் கட்டு. அவர் மனைவி அமலி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கப்பழம் யாரென்று அறிந்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து, அவர் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா. நான் சொல்றதை முதல்ல கேளுங்க." பிறகு கிளாரன்ஸைப் பார்த்துச் சொன்னார். "நடுவுல உங்களை விட்டுட்டேன். ஒரு படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டு விட்டுட்டேன். பிறகு தேடித்தான் கண்டுபிடிச்சேன்."

"மஞ்சத்துணி நின்னுது, இல்லியா?" என்றார் கிளாரன்ஸ்.

தங்கப்பழம் நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"அலை தூக்கும்போதெல்லாம் அதைத்தான் பாப்பேன். அது ஆடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் யாரோ என்னைப் பாக்காங்கன்னு தெரியும். ஒருக்கா தூக்கும்போது அது ஆடல. சும்மா தொங்குச்சு. அப்ப கேனை விட்டுரலாம்னு இருந்துது. ஒரு கை விட்டுப்போச்சு. மத்த கைதான் மிச்சம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பொறவு ஆடிச்சு."

அமலி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் படமா அது? காட்டுங்க" என்றார் கிளாரன்ஸ்.

தங்கப்பழம் தயங்கினார். ஆக்னஸ்தான் படத்தை வாங்கிக் கிளாரன்ஸின் மடியில் வைத்தார். அவர் எரியும் கலங்கரை விளக்கத்தையும் பொன் விளிம்பு கட்டிய அலையையும் பார்த்தார்.

"கடல் இப்படியா இருந்துது?" என்றார்.

"இதுல நான் எங்க?"

தங்கப்பழத்தின் விரல் நீண்டு, எழுந்து நின்ற அலையின் மேல் வந்து நின்றது. "இதுக்குப் பின்னால."

கிளாரன்ஸ் கட்டுப் போட்ட கையை அந்த இடத்தில் வைத்தார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

குடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

இருவரும் கடற்கரை வழியே திரும்பி நடந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தை மணலில் இழுத்துப் போட்டு, உடைந்த பலகையை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்ததும் தங்கப்பழம் நின்றார்.

"திட்டியிருந்தா நல்லாருக்கும், டீச்சர்."

"அவருக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

"கிழிச்சிடுறேன்."

"வேண்டாம். வச்சிருங்க. வீட்டுல மாட்டுங்க."

"பாக்கிறவங்க எல்லாம் கடல் எவ்வளவு அழகா இருக்குன்னு சொல்வாங்களே?"

"சொல்வாங்க" என்றார் ஆக்னஸ். "அலைக்குப் பின்னால ஆள் இருக்குன்னு நீங்க சொல்லுங்க."